மாடி ஜன்னலில் ஒட்டிய டப்பா

அண்ணா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

ரேடான் வாயு இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை டப்பாவைத் தரைக்குக் கீழே இருக்கிற அறையில், ஜன்னலைச் சாத்திவிட்டு வைக்கச் சொல்லித்தான் சோதனைக்கூடத்தில் கொடுத்தார்கள். நீ அதை மாடியில், திறந்த ஜன்னலில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறாய். மண்ணிலிருந்து கசிந்து, மூச்சோடு போய் நுரையீரலில் புற்றுநோய் வரவைக்கிற வாயு படியேறி வந்து உனக்கு வணக்கம் வைக்குமா? போன மாதம் கேட்டதற்கு, "ரிப்போர்ட் நல்லா வந்துடுச்சுல்ல, விடேன்" என்றாய். அந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தான் கைக்குழந்தைக்காரர்களுக்குக் கீழறையை வாடகைக்கு விட்டாய்.

அதே அறையில்தான் அப்பா இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து கடிகாரம் பழுதுபார்த்தார். நுரையீரலில் கட்டி என்றதும் டாக்டர், "சிகரெட் பிடிப்பாரா?" என்று கேட்டார். அப்பா இல்லையென்று தலையாட்டினார். நீ முந்திக்கொண்டு, "திருட்டுத்தனமா பிடிச்சிருப்பார் சார்" என்றாய். நாங்களும் நம்பித் தொலைத்தோம். கடைசிவரை அவர் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.

உனக்குத் தெரியாமல் குழந்தையின் அம்மாவிடம் ஒரு டப்பா கொடுத்து, கீழறையிலேயே வைக்கச் சொன்னேன். அனுமதித்த அளவைப்போல் ஆறு மடங்கு வந்திருக்கிறது. இன்று காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்தாகிவிட்டது. உன் வீட்டுக்கு ஆள் வருவார்கள்.

புது ரிப்போர்ட்டை என் வீட்டில் அப்பா படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். அவருக்கு நான் இன்னும் வாசித்துக் காட்டவில்லை. அது உன் வேலை. வா.

உன் தங்கை