போறணைச் சுவருக்குப் பக்கத்து அறை

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகள் ஷாமிலாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் நோய்நொடி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஸ்கொட்லாந்துக் குளிரில் நீங்களும் மருமகன் முனீபும், வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். கையில் போன் இருக்க வாப்பாவுக்கு ஏன் கடிதம் என்று நீங்கள் சிரிப்பீர்கள். போனில் உம்மா என் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள், நானும் உங்கள் முகத்தைக் கண்டால் பகிடி விட்டே நேரத்தைப் போக்கிவிடுவேன். இது பகிடிக் கதை இல்லை மகள். போன கிழமை நீங்கள் உம்மாவிடம், "என்ட முட்டு வருத்தம் புள்ளைக்கும் வருமோ உம்மா" என்று கேட்டீர்கள். அந்த மூச்சிழுப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுப் புதினம். பெருநாள் கழிந்த மறு கிழமை நம்முடைய பேக்கரியில் பாண் சுடுகிற விறகுப் போறணையின் கல் வளைவு இடிந்து விழுந்தது. நல்லகாலம், உள்ளே ஒரு தட்டுப் பணிஸ்கூட இருக்கவில்லை. திருத்துவதற்குச் சம்பூரிலிருந்து கனகசிங்கம் மேசனைக் கூப்பிட்டேன். மனிசன் கெட்டிக்காரன், ஆனால் ஒரு கல்லை வைத்துவிட்டு மூன்று தரம் தேத்தண்ணி குடிப்பார், அப்படியே ஐந்து கிழமை போய்விட்டது. முப்பது வருடத்தில் நம்முடைய புகைக்கூடு இவ்வளவு நாள் சும்மா நின்றதே இல்லை. நான் திருகோணமலையிலிருந்து பாண் எடுத்து வந்து விற்கிறேன். பேக்கரிக்கார அபூதாஹிர் பிறத்தியாருடைய பாண் விற்கிறான் என்று சந்தியில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். நாலாவது கிழமை பின்வளவில் குடியிருக்கும் றம்ஸியா ஒரு கோப்பை வட்டிலாப்பத்தோடு வந்தாள். அவளுடைய மகள் சனூஸாவுக்கு ஏழு வயது, அந்தப் பிள்ளைக்கும் உங்களைப் போலவே முட்டு. நெஞ்சு இழுத்து உதடு நீலம் பாரித்து, மாதத்தில் இரண்டு தரமாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். "ஒரு மாசமாப் புள்ளைக்கு இழுப்பே இல்ல காக்கா, மருந்து இழுக்கிற பம்பைத் தொடவுமில்ல. அசனா ராத்தாட ஆடாதோடைக் கசாயம்தான் சுகமாக்கினது" என்று உம்மாவைக் காட்டிச் சொல்லி, அவளுடைய கையைப் பிடித்துக் கண்ணீர் விட்டாள். உம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் வட்டிலாப்பக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். உம்மா காய்ச்சிக் கொடுக்கிற அந்தக் கசாயத்தைப் பிள்ளை மூன்று வருடமாகக் குடிக்கிறது. இந்த மாதத்தில் புதிதாக நடந்தது ஒன்றுதான், என் போறணை அணைந்து கிடந்தது.

அந்த மூன்று வருடத்துக்கு முன்பு நடந்ததையும் சொல்லவேண்டும். அந்தத் தட்டுப்பாட்டு வருடத்தில், டீசல் இல்லாமல் விறகு லொறி வராத நாட்களில், நமக்கும் றம்ஸியா வளவுக்கும் நடுவில் நின்ற மூன்று வேம்பையும் பூவரச வரிசையையும் நான்தான் தறித்துப் போறணைக்குள் போட்டேன். ஊருக்குப் பாண் வேண்டுமே என்று எனக்கு நானே ஞாயம் சொல்லிக்கொண்டேன். அது போதாமல் பழைய தோணிப் பலகை, பெயின்ற் அடித்த ஜன்னல் சட்டம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எரித்தேன். அந்தப் பூவரசுகளில் நம் பக்கத்து இலைகள் எப்போதும் கரி படிந்தே இருக்கும், உங்களுக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் நான் அந்தக் கரியை விரலால் தொட்டு உங்களுக்கு மீசை கீறி விளையாட்டுக் காட்டுவேன். இலையில் படிகிற கரி, இலை இல்லாவிட்டால் எங்கே போகும் என்று இந்த மரமண்டைக்கு விளங்கவில்லை. மரங்கள் தடுத்தது கொஞ்சமோ கூடவோ தெரியாது, அதையும் நான் விட்டுவைக்கவில்லை. சனூஸாவுக்கு இழுப்புத் தொடங்கியது அடுத்த மாரி மழைக்காலத்தில்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். உங்களுக்கு இழுப்பு வருவது குளிரால்தான் என்று முடிவுகட்டி ஐஸ்கிறீம் தரவில்லை, கடலில் கால் நனைக்க விடவில்லை. மாரி தொடங்கினால், கதகதப்பாக இருக்கும் என்று, போறணைச் சுவருக்குப் பக்கத்து அறையில் ஜன்னலையும் அடைத்து உங்களைப் படுக்கவைத்தேன். நானேதான் செய்தேன். கொஞ்சம் காற்று வரட்டுமே என்று உம்மா சொன்னபோது அதட்டி வாயை மூடவைத்தேன். விடுமுறைக்கு இறக்கக்கண்டி மாமா வீட்டுக்குப் போனால், அந்தக் கடற்காற்றிலும் தோப்பு நிழலிலும் உங்களுக்கு ஒரு நாளும் இழுக்காது. விளையாட்டு மும்முரத்தில் வருத்தம் மறந்துபோகிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். நீங்கள் ஸ்கொட்லாந்துக்குப் போன அன்று, குளிர் என் பிள்ளையைக் கொன்றுவிடும் என்று விமான நிலையத்தில் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். நாலு வருடமாகிறது, ஒரு தரமும் இழுக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் புல்லும் மரமும்தான் என்று படம் அனுப்பினீர்கள். என் துஆவை அல்லாஹ் கேட்டுவிட்டான், கபூலாகிவிட்டது என்று சந்தியெல்லாம் சொல்லித் திரிந்தேன் மகள், வெட்கமாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய பிழை உம்மாவுக்குச் செய்தது. உம்மாவின் வாப்பாவுக்கு முட்டு இருந்தது. அதை வைத்துக்கொண்டு, உங்களுக்கு இழுக்கும்போதெல்லாம், உன் குடும்பத்து வருத்தத்தைப் பிள்ளைக்குத் தந்துவிட்டாய் என்று சொல்லிக்காட்டினேன். ஒரு தரம் இரண்டு தரமல்ல, வருடக்கணக்காக. நீங்கள் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்ததும் அதனால்தான். அடுத்ததற்கும் தந்துவிடுவேனே என்று பயந்து உம்மா இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றாள், நானும் தலையாட்டினேன். இப்போது சனூஸாவைப் பார்க்கிற டொக்டரிடம் போய்க் கேட்டேன். பரம்பரையும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் புகை அதைக் கிளப்பிவிடும், மரமும் திறந்த காற்றும் உள்ள இடத்தில் அடங்கிக் கிடக்கலாம் என்றார்.

இவ்வளவும் விளங்கிய பிறகாவது வாப்பா திருந்தினானா என்று கேட்டால், இல்லை. "புதுக்கல்லு காயவேணும் முதலாளி, சின்னதா ஒரு நெருப்புப் போடுங்கோ" என்று கனகசிங்கம் சொன்னார். சின்ன நெருப்புத்தானே என்று செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கொளுத்தினேன். புகை நேரே பின்வளவுக்குப் போனது. பொழுது பட்டு மஃரிப் தொழுகை வருவதற்குள் சனூஸா இருமுவது கேட்டது. உங்கள் இருமல் மகள், அதே இருமல். வாளியைத் தூக்கி நெருப்பில் தண்ணீரை ஊற்றினேன், மறுபடி ஓடிப்போய் அள்ளிவந்து ஊற்றினேன். சூட்டோடு இருந்த கல் படீரென்று வெடித்து வளைவு பிளந்துபோனது. "போறணைக்குள்ள ஆராவது தண்ணி ஊத்துவினமோ, ஐஞ்சு கிழமை வேலை போச்சே" என்று கனகசிங்கம் தலையில் கையை வைத்துக்கொண்டு கத்தினார். உம்மா கசாயப் போத்தலோடு பின்வளவுக்கு ஓடினாள். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "என்ட வாப்பாட முட்டு பக்கத்து வளவுக்கும் தொத்திட்டுதாக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் வெறும் வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தப் போறணையை இனிக் கட்டமாட்டேன். கரண்டில் வேலை செய்கிற போறணை ஒன்றை விசாரித்திருக்கிறேன், அது வரும்வரை ஊர் பிறத்தியார் பாணையே தின்னட்டும். வேலியோரம் பன்னிரண்டு பூவரசங் கதியால் தடி நட்டேன், பாதியாவது துளிர்க்க வேண்டும். நேற்று றம்ஸியாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள், கோபிக்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, அஸர் தொழுதபின், உம்மாவைக் கதிரையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "அப்ப ஷாமிலாக்கு ஒரு தம்பி இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். இன்னும் வெளியே வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், பாரம் தூக்காதீர்கள், மருமகனுக்கு என் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கும் பிள்ளைக்கும் நல்ல மூச்சையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். பிள்ளையைக் கொண்டுவரும்போது அந்த அறை இராது, சுவரோடு இடித்துவிடுவேன். ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் உம்மாவுக்குப் போன் எடுங்கள், நான் அந்த நேரம் வெளியே போய் நிற்பேன். உங்கட பிழை இல்லை உம்மா என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்புவாளோ தெரியாது, இத்தனை வருடமாக மற்றதை நம்பவைத்தவன் நானல்லவா.

உங்கள் மன்னிப்பைக் கேட்கும்
வாப்பா,
அபூதாஹிர்.