கடல் தண்ணீரில் கழுவிய காயம்

இன்று காலை அவசரப் பிரிவுக்கு ஒரு மீனவர் வந்தார். ஈரக் கைலி, மீன் கவிச்சை, பாதத்தில் கெளுத்தி முள் குத்திய காயம். அந்த வாடை அடித்தாலே எனக்கு உன் ஞாபகம் வந்துவிடும். "காயத்த எதுல கழுவுனிய அண்ணே?" என்று கேட்டேன். "கடத்தண்ணிலதான் சிஸ்டர். சுள்ளுன்னு எரிஞ்சிச்சி, கிருமியெல்லாம் செத்திருக்கும்" என்றார். வந்த கோபத்தில் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டேன். பாவம், அவருக்கு விழுந்ததெல்லாம் உனக்கான திட்டு.

நர்சிங் முதலாண்டு நுண்ணுயிரியல் வகுப்பில் நுண்ணோக்கி வைத்து விப்ரியோ கிருமியைக் காட்டினார்கள், சற்றே வளைந்த குச்சி மாதிரி. உப்புத் தண்ணீரில் செழிக்கும், காயம் வழியே புகுந்தால் ஆளையே முடித்துவிடும், ஈரல் கெட்டவர்களை விடவே விடாது என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ, பெரியதாழைக் கடற்கரைக்காரி, என் காதைக் கடித்தாய்: "ஏளா, உப்புல போட்ட மீனே கெடாது, அதுல கிருமி எங்கன இருக்கும்? எங்க ஊர்ல வெட்டுக்காயத்துக்குக் கடத்தண்ணிதான் மருந்து." நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆனால் பரீட்சையில் அந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாக எழுதியவள் நீதான்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனாய். மஞ்சள் காமாலை வந்து அப்போதுதான் தேறியிருந்த உடம்பு. கரையில் அப்பாவின் வலையிலிருந்து மீன் கழற்றும்போது காலில் முள் குத்தியது. வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவ எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நீயோ சின்ன வயதிலிருந்து செய்ததையே செய்தாய். காலை அலையில் நனைத்துவிட்டு மறுபடி வேலையைப் பார்த்தாய்.

மறுநாள் உன்னைத் தூத்துக்குடிக்கு, நாம் படித்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தபோது கால் வீங்கி, ஊதா நிறத்தில் கொப்புளம் கட்டியிருந்தது. சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் கோடு போடச் சொன்னார் டாக்டர். நான்தான் போட்டேன். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு கோட்டைத் தாண்டியது. மேலே இன்னொரு கோடு போட்டேன். அதையும் தாண்டியது. நீ தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏளா, பரீட்சையில நான் சரியாத்தான எழுதுனேன்" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசியது எதுவும் எனக்குப் புரியவில்லை. சாயங்காலத்துக்குள் போய்விட்டாய்.

பாவி மகளே, அந்தப் பதிலை யாருக்காக எழுதினாய்?

காயத்தோடு வருகிறவர்களிடம் இன்றும் பேரைக் கேட்பதற்கு முன்னால் எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்றுதான் கேட்கிறேன். காலையில் வந்தவர் காலிலும் கோடு போட்டேன். "கால்ல என்ன சிஸ்டர் படம் வரையுதிய?" என்று கிண்டலடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வேலைநேரம் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகாமல் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, கோடு போட்ட பேனாவாலேயே உனக்கு இதை எழுதுகிறேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் நிமிர்ந்து அவர் காலைப் பார்க்கிறேன். சிவப்பு இன்னும் கோட்டைத் தாண்டவில்லை.