இங்கிலீஷில் கொஞ்சத் தெரியாதவள்

18 ஜூன் 1979, ராமச்சந்திராபுரம்
நாலு வயதாகியும் வாசு பேசாததற்குக் காரணம் நாங்கள்தானாம். டாக்டர் சொல்லிவிட்டார். நானும் இவரும் தமிழ், வேலைக்கு வரும் யாதம்மா தெலுங்கு, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜுலைகா உருது. குழந்தை எதைத்தான் பிடிப்பான் என்கிறார். இனி வீட்டில் ஒரே பாஷை, அதுவும் இங்கிலீஷ். ஸ்கூலில் சேர்க்கவும் அதுதான் உதவுமாம்.

குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டுகிறானே, புதுச்சட்டை போட்டால் கதறுகிறானே, அதெல்லாம் எந்தப் பாஷையால் என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இவருக்கோ ஆபீஸ் சர்க்குலர் வந்த மாதிரி. வீட்டு வாசலிலேயே "ஒன்லி இங்கிலீஷ், கல்பகம்" என்று ஆரம்பித்துவிட்டார்.

20 ஜூன்
கம். சிட். ஈட். நோ.

5 ஜூலை
எனக்கு வாய் ஓயாது. புடலங்காய் முற்றிப்போச்சுடா, பால்காரன் தண்ணியைக் கலந்துட்டான்டா என்று சமைக்கும்போதெல்லாம் வாசுவிடம் வம்பளந்துகொண்டிருப்பேன். அவன் முகத்தைப் பார்க்க மாட்டான். ஆனால் என் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பான்.

இப்போது நான் ஊமை. அவன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். இங்கிலீஷில் எனக்கு அதட்ட வருகிறது, கொஞ்ச வரவில்லை. கண்ணே என்பதற்கு என்ன சொல்வது? மை ஐ என்றா? நினைத்துச் சிரித்தேன். பிறகு அழுகையாக வந்தது.

19 ஜூலை
வீட்டில் சத்தமே இல்லையே, ஊருக்குப் போய்விட்டீர்களோ என்று நினைத்தேன் என்றாள் ஜுலைகா. விஷயத்தைச் சொன்னேன். "நக்கோ ஜி, பச்சா டர் ஜாதா" என்றாள். வேண்டாமாம், குழந்தை பயந்துவிடுமாம். குழந்தை பயந்துதான் போயிருக்கிறான். எனக்கே தெரிகிறதே.

4 ஆகஸ்ட்
வேறு டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நான் அடம்பிடித்ததில், பேகம்பேட்டில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். கம்பெனி பஸ். பாதி வழியில் டிரைவர் ஹாரனை விடாமல் அடிக்க, வாசு அலறித் தலையைக் கம்பியில் மோத ஆரம்பித்தான். பஸ் முழுக்க இவருடைய ஆபீஸ்காரர்கள். திரும்பிப் பார்க்கிறார்கள். "ஸ்டாப்! சிட்!" என்கிறேன், எனக்கே கேட்கவில்லை.

போதும். புடவைத் தலைப்பால் அவனை இறுக்கிச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, ஒண்ணுமில்லடா ராஜா, அந்தக் கடன்காரன் ஹாரனைப் பிடுங்கித் தூரப் போட்டுடலாம்டா, அம்மா இருக்கேன்டா என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். இவர் மெதுவாக, "கல்பகம், இங்கிலீஷ்" என்றார்.

"ஏன்னா, கொஞ்சம் சும்மா இருங்கோளேன். இவன் பேசலேன்னா போறது. என்னையும் ஊமையாக்கணுமா?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேகம்பேட் வருவதற்குள் வாசுவின் உடம்பு தளர்ந்து, மூச்சு நிதானமானது.

இரவு
லேடி டாக்டர் அவனை வெகுநேரம் விளையாட விட்டுப் பார்த்தார். ஆட்டிசம் என்றார். கேள்விப்பட்டதே இல்லை. சத்தமும் தொடுகையும் நமக்கு இருப்பதைவிட அவனுக்குப் பல மடங்காம். பாஷையால் வந்ததில்லை. பேசலாம், பேசாமலும் இருக்கலாம் என்றார். பேசவே மாட்டானா? நான் கேட்கவில்லை. இவர் கேட்டார். வரும்போது இவர் ஒரு வார்த்தை பேசவில்லை, எந்தப் பாஷையிலும்.

5 ஆகஸ்ட்
காலை முதல் தமிழ். தொண்டை கட்டிவிட்டது.

2 அக்டோபர்
புது வழக்கம். நான் பேசும்போது என் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறான். நிறுத்தினால் அழுத்துகிறான்.

11 நவம்பர்
நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாசு தானாகப் போய் இவர் தொண்டையில் கையை வைத்தான். இவர் அசையாமல் என்னைப் பார்த்தார். "என்னடீ பேசறது?" என்றார். எதையாவது பேசுங்கோ என்றேன்.

பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, ஃபாக்டரி ஷாப்பில் கிரேன் நின்றுபோனது, கூட வேலை செய்யும் சக்ரபாணி மேலே ஏறப் பயந்தது என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். தமிழில்தான். நடுவில் நிறுத்தினார். வாசு அழுத்தினான். மறுபடி ஆரம்பித்தார்.

சாப்பிட இலை போட்டிருந்தேன். கூப்பிடவில்லை.