தோற்றவர்கள் வீட்டுப் பலகாரம்

கீழ் வீட்டில் யாரோ ரவையை நெய்யில் வறுக்கிறார்கள். வாசனை மாடிப்படியேறி என் தையல் மெஷின் வரை வந்துவிட்டது. தெருவில் கடற்கரைத் திடலுக்கு ஆள் ஏற்றும் ரிக்‌ஷாக்காரர்களின் கூச்சல். இந்த வருஷத்துக் காற்பந்துப் போட்டி இன்று தொடங்குகிறது. இரண்டும் ஒரே நாளில் வந்தால் உங்களோடு பேசாமல் எப்படி இருப்பது? நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமானாலும் சரி, கேட்டுக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாய்க்காரர் நாட்டில் இந்தக் குயின் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இந்த ஊர் துளியும் பிடிக்கவில்லை. கல்யாணமான புதிது. சைவச் சமையலைத் தவிர வேறு வாசனையே தெரியாத வீட்டில் வளர்ந்தவள். இங்கே ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் கருவாடு, மறுபக்கம் பன்றிக்கொழுப்பு. சாத்தினால் புழுக்கம். என்னை ஊருக்கே அனுப்பிவிடுங்கள் என்று தினமும் அழுதேன். நீங்கள் துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, எதற்கும் பதறமாட்டீர்கள்.

"காற்பந்துப் போட்டி முடியட்டும்லா. ஆட்டத்தன்னிக்கெல்லாம் என்கூட வெளிய வந்து ரெண்டு வாய் சாப்பிடு. அதுக்கப்புறமும் போகணும்னா நானே டிக்கெட் எடுத்துத் தர்றேன்" என்றீர்கள்.

எப்படியும் போகப்போகிறோம், பார்த்துவிட்டுத்தான் போவோமே என்று ஒப்புக்கொண்டேன்.

திடலுக்குள் ஆண்கள் கூட்டம். அதனால் ரிக்‌ஷாவைச் சாலையோரம் நிறுத்தி, அதிலேயே உட்கார்ந்து பார்ப்பேன். பந்தைவிட உங்களைத்தான் அதிகம் பார்த்தேன். ஆபீஸ் கோட்டோடு அப்படித் துள்ளுகிற மனிதரை நான் கண்டதில்லை. ஆட்டம் முடிந்ததும் உங்கள் சட்டம் ஒன்று இருந்தது. இனத்துக்கு ஓர் அணி ஆடும்; எந்த அணி தோற்றதோ, அன்று அவர்கள் பலகாரம். ஜெயித்தவன் கடையில் கூட்டம் நெரியும், தோற்றவன்தான் நம்மைக் கவனிப்பான் என்று அதற்கு நியாயம் வேறு சொல்வீர்கள்.

சீனர்கள் தோற்றார்கள். அவர்கள் கோயிலை ஒட்டியிருந்த சீனச் சைவக் கடைக்குக் கூட்டிப்போனீர்கள். தட்டில் வாத்துக்கறியைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். அது கோதுமை மாவில் செய்தது என்று கடைக்காரர் பிய்த்துக் காட்டினார். சைவம் சாப்பிடுகிறவருக்கு வாத்தின் மேல் ஏன் இத்தனை ஆசை என்று கேட்டேன். நீங்கள் சிரித்ததில் மூக்கில் தேநீர் ஏறிவிட்டது. நான் தடித்த சேமியா போலிருந்த மீயை மட்டும் சாப்பிட்டேன்.

அடுத்து மலாய்க்காரர்கள் தோற்றார்கள். வாழையிலையில் மடித்த தேங்காய்ப் பூரணம், அசல் நம் கொழுக்கட்டையேதான். விற்ற அம்மாள் என் புதுத் தாலியைப் பார்த்து ஏதோ கேட்டுவிட்டு ஒன்று கூடுதலாக வைத்தாள். அன்று ராத்திரி நான் அழவில்லை.

அரையிறுதியில் நம் ஆட்கள் சட்டைக்காரர்களை ஜெயித்தார்கள். அவர்களில் ஒருவரான, அப்பா வழியில் வெள்ளைக்கார ரத்தம் கலந்த உங்கள் ஆபீஸ் நண்பர், தோற்ற வருத்தத்தை மறைத்துக்கொண்டு நம்மை வீட்டுக்கு அழைத்தார். அவர் மனைவி கேக் என்று ஒன்றை வைத்தார். எனக்கா தெரியாது? வாயில் வைத்ததுமே ரவை, நெய், பாதாம். கேசரியைக் கட்டியாக்கி வெட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். இந்த ஊரில் முதன்முதலாக, கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். படியிறங்கும்போது பக்குவம் கேட்டேன். முட்டையின் மஞ்சள் கருவை எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பதிலிருந்து அவர் ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். வாயில் விரல்விட்டுக் கக்கினேன். எனக்கும் தெரியாது என்று நீங்கள் சத்தியம் செய்ததை நம்பவில்லை. திட்டம் போட்டு ஜாதியைக் கெடுத்துவிட்டீர்கள் என்றேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று உயிரே போய்விட்டது போலிருந்தது.

"போட்டி முடியறதெல்லாம் வேணாம். நாளைக்கே டிக்கெட் எடுங்க" என்றேன்.

மறுநாள் இறுதி ஆட்டம். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு நம் ஆட்கள். மத்தியானமே கிளம்பினீர்கள். பெண்டாட்டி பட்டினி கிடக்கிறாள், இவருக்குப் பந்து பெரிதாகிவிட்டது என்று பொருமிக்கொண்டே படுத்திருந்தேன். திடல் பக்கமிருந்து இரைச்சல் வந்துகொண்டேயிருந்தது. ஆட்டம் பாதிகூட ஆகியிருக்காது, நீங்கள் படியேறி வந்தீர்கள். சட்டையெல்லாம் வியர்வை. கப்பல் ஏஜெண்டு வெளியே போயிருந்தாராம், வரும்வரை காத்திருந்தீர்களாம். டிக்கெட்டைப் பாய்மேல் வைத்தீர்கள். எடுத்துப் பார்த்தால் இரண்டு.

"எதுக்கு ரெண்டு?"

"ஒன்னு எடுக்கத்தான் போனேன். மனசு வரல."

"வேலை?"

"அதை இன்னும் யோசிக்கல."

அந்த நேரம் பார்த்துத் திடலில் பெரிய ஆரவாரம். உங்கள் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. உடனே என் பக்கம் திரும்பிக்கொண்டு, சாப்பிட்டியா என்று கேட்டீர்கள். எனக்கு எங்கிருந்தோ அழுகை வந்தது. ஊரை நினைத்து அழுத அழுகை இல்லை அது. புடவையைச் சரிசெய்துகொண்டு, ரிக்‌ஷா கூப்பிடுங்கள் என்றேன்.

நாம் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நம் ஆட்கள் தோற்றுவிட்டார்கள். நீங்கள் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றீர்கள். உங்கள் சட்டப்படி இன்று நம்ம பலகாரம்தானே என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். வடை விற்ற தமிழரும் தோல்வி வருத்தத்தில் மாவில் உப்புப் போட மறந்திருந்தார். அந்த உப்பில்லாத வடையைத் தின்றுகொண்டே, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். நீங்கள் இன்னொரு வடை வாங்கித் தந்தீர்கள்.

போன வாரக் கப்பலில் வந்தவரிடம் என் அண்ணன் மறுபடியும் சொல்லியனுப்பியிருக்கிறார். பிள்ளைகுட்டி இல்லாதவள் அந்நிய ஊரில் தனியாக எதற்குத் துணி தைத்துக் கிடக்க வேண்டுமாம். சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் டிக்கெட் எடுத்துவிடுவாராம். நல்ல மனுஷர், அக்கறையில்தான் சொல்கிறார். வரவில்லை என்று பதில் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அவர் எடுப்பதாகச் சொன்னது ஒரு டிக்கெட்தானே.