ஐம்பத்தைந்து வயதில் அம்மா எழுதிய பரீட்சை

ப்ளோவ்டிவ்,
ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை

அன்பு மகள் தெசிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை டேரனும் உன் வயிற்றில் இருக்கும் சின்னவரும் மெல்போர்னில் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே என் இடது முட்டி ஒன்றைத் தவிர வீட்டில் எல்லோரும் நலம், மழை நின்று செர்ரி பூத்துவிட்டது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், இது அவள் இல்லாத நேரத்தில் சொல்ல வேண்டிய சமாசாரம், அதனால் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், எழுத்து புரியாத இடத்தில் ஊகித்துக்கொள்.

ஜனவரியில் நீ அம்மாவிடம் கேட்டாய் அல்லவா, பிரசவத்துக்கு வந்து ஆறு மாதம் கூட இரேன் என்று. அவள் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே இழுத்ததில் உனக்கு மனத்தாங்கல் என்று எனக்குத் தெரியும். வேலையும் போய்விட்டது, வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், வருவதற்கு என்ன என்று நீ நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் அவள் சும்மா இல்லை கண்ணு. உனக்குத் தெரியாமல் ஒரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வேலை கிடைக்காவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று என் வாயைக் கட்டிப்போட்டிருந்தாள், இன்று அவிழ்க்கிறேன்.

அவள் வேலை பார்த்த தயிர்க் கம்பெனி இங்கிருந்த ஆபீசை மூடி ருமேனியாவுக்கு மாற்றிய பிறகு கிறிஸ்துமஸ் வரை அவள் அலமாரிகளை ஒழித்துக்கொண்டிருந்தாள், ஒழித்து முடித்த அலமாரியை மறுபடியும் ஒழித்தாள். அப்போதுதான் சோஃபியாவில் ஒரு கன்சல்டிங் கம்பெனி, அதுதான் மற்ற கம்பெனிகளுக்கு யோசனை சொல்லிச் சம்பாதிக்கிற ஆட்கள், உணவுத் தொழிலில் பழகியவர்களைத் தேடுகிறது என்று கேள்விப்பட்டாள். வயது தடையில்லையாம், ஆனால் கல்லூரி முடித்து வருகிற பிள்ளைகள் எழுதும் அதே ஆப்டிட்யூட் டெஸ்ட்டை எழுத வேண்டும், அவர்களைப் போலவே இன்டர்வியூவும் உண்டு. “இந்த வயசுல எனக்குப் பரீட்சையா, போடா போ” என்று கம்ப்யூட்டரைப் பார்த்தே திட்டினாள். மறுநாள் காலை நான் எழுந்தபோது மாதிரித் தேர்வு ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காபி ஆறிப்போயிருந்தது.

கணக்கு அவளுக்கு ஒரு பொருட்டில்லை, வேகம்தான் கொஞ்சம் மட்டு. வம்பு செய்தது இன்னொரு பகுதி. ஒரு பத்தி கொடுப்பார்கள், கீழே ஒரு வாக்கியம் இருக்கும், அது சரியா, தவறா, சொல்ல முடியாதா என்று குறிக்க வேண்டும். உன் அம்மாவாவது சொல்ல முடியாது என்று சொல்வதாவது! ஒரு ஊரில் கார் விற்பனை குறைந்தது, பஸ்ஸில் கூட்டம் கூடியது என்று பத்தி. கார் விலை ஏறியதால் ஜனங்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள் என்று வாக்கியம். இவள் சரி என்று போட்டாள், அது தப்பு, சொல்ல முடியாது என்பதுதான் விடை என்றது கம்ப்யூட்டர். “பின்ன எதுக்குப் பஸ்ஸுல ஏறுவாங்க, பொழுது போகலைன்னா?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். பத்தியில் விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே ருமி என்றேன். “அதைக் கூடவா எழுதணும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே” என்றாள். இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் ஒருநாள் மேல் வீட்டு மித்கோ குடித்திருந்தானா என்று நான் கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்து, “தள்ளாடினான், அவ்வளவுதான் தெரியும். குடிச்சானான்னு சொல்ல முடியாது” என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் தேறிவிடுவாள் என்று.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுத வேண்டும், கேமராவை அணைக்கக் கூடாது. ஆரம்பித்த நிமிஷம் பார்த்து அதே மித்கோ சுவரில் துளை போட ஆரம்பித்தான். நான் ராக்கியா பாட்டிலோடு மாடிக்கு ஓடினேன், குளியலறை அலமாரி மாட்டுகிறேன் என்றான், அதை நாளைக்கு மாட்டலாம், இன்றைக்கு என் பெயர்நாள், குடித்துக் கொண்டாட வேண்டும் என்று புளுகி உட்கார வைத்தேன். இறங்கி வரும்போது படிக்கட்டு எனக்கு இரண்டாகத் தெரிந்தது, உன் அம்மா கதவைத் திறந்து, “நான் பரீட்சை எழுதினேன், நீ எங்கே கெட்டுப்போனே?” என்றாள். பாஸ் பண்ணிவிட்டாள்.

அடுத்தது கேஸ் இன்டர்வியூ. ஏதோ ஒரு கம்பெனியின் தலைவலியைச் சொல்லி அரைமணி நேரத்தில் வைத்தியம் கேட்பார்கள், விடையைவிட நாம் எப்படி யோசிக்கிறோம் என்பதைத்தான் கவனிப்பார்களாம். ஒத்திகைக்கு ஆள் வேண்டும் என்று என்னைச் சமையலறை மேஜையில் டை கட்டி உட்கார வைத்தாள். எனக்கு என்ன கம்பெனி தெரியும், எங்கள் ஓபரா அரங்கைத்தான் தெரியும், டிக்கெட் வருமானம் குறைகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். வருமானம் எது, செலவு எது என்று கோடு போட்டுப் பிரித்தாள், துருவித் துருவிக் கேட்டாள், நானும் பெருமையாக எல்லாம் சொன்னேன். முடிவில் நிமிர்ந்து உட்கார்ந்து, “வாத்தியக்காரங்க அதிகம். முதல் வேலையா ரெண்டாவது கிளாரினெட்டை எடுத்துடலாம்” என்றாள். அந்த இரண்டாவது கிளாரினெட் யார், அவளோடு முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்கிறவன்! நான் டையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். “இது விளையாட்டுதானே லியூபென், கோவிச்சுக்கறியா?” என்று பின்னாலேயே வந்தாள். சாயங்காலம் எனக்குப் பிடித்த பாலாடைக்கட்டிப் பனிட்சா சுட்டு வைத்தாள், ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை, கவனி.

முதல் இன்டர்வியூவுக்கு சோஃபியாவுக்கு ரயிலில் இருவருமாகப் போனோம். கேள்வி கேட்டவன் உன்னைவிடச் சின்னவன், தாடி வைத்தவன். உடற்பயிற்சிக் கூடங்கள் நடத்தும் கம்பெனி ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறான். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டாள், அதன் மேலேயே மேற்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறாள், பிறகுதான் உறைத்தது. “மன்னிக்கணும், ஒரு பூஜ்யத்தை முழுங்கிட்டேன். அங்கேருந்து திரும்ப வர்றேன்” என்று அடித்துவிட்டு மறுபடி போட்டாளாம். வீடு வரும் வரை ரயில் ஜன்னலைப் பார்த்தபடி அந்தப் பூஜ்யத்தையே சொல்லிப் புலம்பினாள். ஆனால் இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இனி சொல்லப்போவதை நிதானமாகப் படி. இரண்டாம் சுற்றில் கேள்வி கேட்டது கம்பெனியின் பங்குதாரர்களில் ஒருவரான ஒரு பெண்மணி. ஒரு பால் கம்பெனிக்கு இரண்டு ஊரில் தொழிற்சாலை, ஒன்றை மூடலாமா, நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவள் எனக்கே இது நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எண்களைக் கேட்டு வாங்கினாள், இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தாள், இரண்டிலும் ஒரே விடைதான் வந்தது. மூடலாம் என்றாள். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அந்தப் பெண்மணி கேட்டதற்கு, “மூடறதா இருந்தா யாராவது அந்த ஊருக்கு நேர்ல போய்ச் சொல்லணும். ஈமெயில்ல சொல்லக் கூடாது” என்றாளாம். அவர் எழுதிக்கொண்டு நன்றி என்றார், அவ்வளவுதான்.

நான் பக்கத்துப் பூங்காவில் காத்திருந்தேன். வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள் தெசி, வேலை போன அன்றைக்குக் கூட அழாதவள். தப்பாகச் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். “இல்ல, சரியாத்தான் சொன்னேன். எங்களை மூடினவங்களும் இப்படித்தான் ஒரு காகிதத்துல போட்டுப் பார்த்திருப்பாங்க. கணக்கு சரிதான் லியூபென், அதுதான் தாங்க முடியலை” என்றாள். சூரியகாந்தி விதை ஒரு பொட்டலம் வாங்கி இருவரும் கொறித்தோம், பாதியில் தானாகவே மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்மணியின் செருப்பு நன்றாக இருந்தது, அந்த மாதிரி இங்கே எங்கே கிடைக்கும் என்றாள்.

போன வியாழக்கிழமை ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தாள், விரலெல்லாம் சிவப்பு, போன் அடித்தது, நான்தான் அவள் காதில் பிடித்தேன். சரி, சரி, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வைத்ததும், “கிடைச்சிடுச்சு. வேண்டாம்னு சொல்லப்போறேன்” என்றாள். நான் முட்டையைக் கீழே போட்டுவிட்டேன். ஜூனிலேயே சேர வேண்டுமாம், வாரத்தில் நான்கு நாள் சோஃபியாவில். “ஆகஸ்ட்ல தெசிக்குப் பிரசவம். அந்தப் பொண்ணு நம்ம பாஷை பேச ஆளில்லாத ஊர்ல தனியா கிடக்கும், நான் இங்க கோட்டு மாட்டிக்கிட்டு ஊருக்கெல்லாம் யோசனை சொல்லவா?” என்றாள். நான் போகிறேன் என்றேன். திரும்பிப் பார்த்தாள். “நீயா? குழந்தையைப் பார்க்கவா?” என்று சிரித்தாள் பார், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீ பிறந்த வருஷம் அவளுக்குப் பகலில் வேலை, எனக்குச் சாயங்காலத்தில்தான் கச்சேரி, பகலெல்லாம் உன்னைக் குளிப்பாட்டியதும் துணி அலசியதும் வயிற்று வலிக்குச் சோம்புத் தண்ணீர் கொடுத்ததும் யார்? அதை எடுத்துச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “ஆமா, நீதான்” என்றாள். இருவருமாக முட்டைகள் பளபளக்க எண்ணெய் தடவினோம்.

நேற்று அவள் அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டு வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஜூலையோடு எனக்கு ஓய்வு, அந்த மாதக் கடைசியில் மெல்போர்னுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஆறு மாதம் நீ போகச் சொன்னாலும் போக மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு அவளும் வருவாள். டேரனிடம் சொல், எனக்கு ஆங்கிலம் வராது, ஆனால் சூப் வைக்கத் தெரியும்.

பொறுக்காமல் நான் இதை எழுதுவதன் காரணம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லப்போகிறாள். மூன்று நாளாக எப்படி ஆரம்பிப்பது என்று குளியலறைக் கண்ணாடி முன் நின்று தனக்குத் தானே பேசிப் பார்க்கிறாள், அந்த இன்டர்வியூவுக்குக் கூட இவ்வளவு பயப்படவில்லை. உனக்கு அம்மாதான் வேண்டும், அப்பா வேண்டாம் என்று தோன்றலாம், தோன்றினால் நியாயம்தான், அதை எனக்கு எழுது, நான் தாங்கிக்கொள்வேன். அவளிடம் மட்டும் முதல் வார்த்தை சந்தோஷமாக இருக்கட்டும் கண்ணு.

கடவுள் உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும், சுகப்பிரசவம் ஆகட்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதே, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது உனக்கு எதுவும் தெரியாது, நினைவிருக்கட்டும்.

முத்தங்களுடன்,
உன் அப்பா
லியூபென்