டீக்குப் பிறகு ஏற்றவும்

என் அருமை மதியழகா,

முதலில் திட்டிவிடுகிறேன். நலம் விசாரிக்க இனி வழியில்லை, திட்டத்தான் வழியிருக்கிறது. ஐந்து வருஷம் ஒரே லேபில் என்னோடு ஆராய்ச்சி செய்தவன், நோட்டு எழுதுகிற லட்சணமா இது?

நீ முசிறி ரோட்டில் பைக்கோடு விழுந்து போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதமும் நான் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, நடுவில் இன்னொரு பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து லேபுக்கு வந்து செய்கிற ஒரே வேலை உன் நோட்டைப் படிப்பதுதான்.

போன மாதம் நம் கைடு மேடம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ரங்கநாயகி, ஓடாத டிசைனைத் தீசிஸ்ல வைக்க முடியாதும்மா. மதியோட சிப்பை விட்டுடு. வெளியில வாங்கறத வெச்சு முடி." உன் சிப் போனால் உன் பெயரும் போகும். நீ தீசிஸ் எழுதாமலே போய்விட்டாய். நீ செய்ததற்கு இருக்கிற ஒரே இடம் என் நாலாவது அத்தியாயம். அதையும் எடு என்றால் நான் என்ன செய்ய?

காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கு என்ன கிருமி என்று தெரிய ரெண்டு மூணு நாள் ஆகிறதே, அதை ஒரு சொட்டு ரத்தத்தில் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம் என்றுதானே ஆரம்பித்தோம். தபால்தலை அளவு சிலிக்கோன் துண்டு, உள்ளே முடியைவிட மெல்லிய வாய்க்கால்கள். அதில் ஒரே ஒரு காற்றுக்குமிழி நின்றால் போதும், சோதனை பாழ். உன் சிப்பில் குமிழி வந்து நான் பார்த்ததே இல்லை. அதே அச்சில், அதே அளவில் நான் வார்த்தால் சோடா பாட்டில் தோற்றது.

உன் நோட்டில் என்ன இருக்கிறது? எத்தனை டிகிரி சூடு என்று இருக்கிறது. கலவை எத்தனைக்கு எத்தனை என்று இருக்கிறது. நடுவில் "மணப்பாறை முறுக்கு, அம்மாவுக்கு" என்று இருக்கிறது. ஓடிய சோதனை ஒவ்வொன்றின் கீழும், சாம்பிள் ஏற்றுகிற இடத்தில், "டீக்குப் பிறகு ஏற்றவும்" என்று இருக்கிறது. ஆராய்ச்சி நோட்டில் ஒரு மனுஷன் இதையா எழுதுவான்? வேறு வழி தெரியாமல் ஒரு நாள் நானும் போய் டீ குடித்துவிட்டு வந்து ஏற்றிப் பார்த்தேன். யாரிடமும் சொல்லிவிடாதே. குமிழி வந்தது.

போன செவ்வாய்க்கிழமை வெறுத்துப்போய்ச் சிப்பைக் குப்பைக்கூடையில் எறிந்தேன். லேபைக் கூட்டுகிற சரசக்கா அதை எடுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, அந்தத் தம்பி டீக்குப் போறப்ப இத கண்ணாடி ஜாடிக்குள்ள வெச்சு பம்ப்பைப் போட்டு விட்டுட்டுத்தான போகும்? நீங்க ஏன் வெக்கறதில்ல?"

"எந்த ஜாடிக்கா?"

"காத்த உறிஞ்சுமே, அதுதாங்க. நான் கூட்டிக்கிட்டு இருப்பேன், அது பாட்டுக்குக் கடகடன்னு ஓடிக்கிட்டு இருக்கும்."

நான் முன்னாலேயே கேண்டீனுக்குப் போய் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பேன். நீ "இதோ வரேன்" என்று பின்னால் வருவாய். வார்ப்பதற்கு முன்னால் கலவையை அந்த ஜாடியில் வைத்துக் காற்றெடுப்பது எல்லோரும் செய்வதுதான். முடித்த சிப்பையும் நீ வைப்பாய் என்று யாருக்குத் தெரியும்? சிலிக்கோனில் இருக்கிற காற்றை வெளியே இழுத்துவிட்டால், அப்புறம் வாய்க்காலில் வருகிற குமிழியை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். புதுசு ஒன்றுமில்லை, படித்ததுதான். நீ அதைச் செய்கிறாய் என்பதுதான் எங்கேயும் இல்லை.

கால் மணி நேரம் ஜாடியில் வைத்து எடுத்துச் சொட்டு விட்டேன். கடைசி வரை ஓடியது. அடுத்ததும் ஓடியது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. "பம்ப் போடு" என்று ரெண்டு வார்த்தை எழுத உனக்கு என்ன கேடு? சரி, நானாவது கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மேடம் ஒத்துக்கொண்டார். உன் பெயர் போடுவதற்கு வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தொட்டியம் போனேன். உன் அப்பா வாழைக்கொல்லையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். செல்போனில் வீடியோவைக் காட்டினேன். சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் உன் வாய்க்காலில் வளைந்து வளைந்து போகிறது. மூன்று தரம் போடச் சொன்னார்.

"எங்கயும் நிக்காம பாயுதேம்மா," என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எம்புள்ள இருக்கறப்பவே இது ஓடுச்சா?"

"ஓடுச்சுப்பா. அவன் கையில மட்டுந்தான் ஓடுச்சு."

அவர் கையெழுத்துப் போட்டார். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். இந்த ஏழு மாதத்தில் அழுதது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் உன்மேல் கோபமாக இருப்பது சௌகரியமாக இருந்தது.

மதி, ஒரு வாக்குத் தருகிறேன். ஒன்றையும் விடாமல் எழுதுவேன். எந்த ஊர்ப் பிள்ளை படித்துவிட்டுச் செய்தாலும் முதல் தடவையே ஓட வேண்டும். இனி உன் கை இல்லாமலே அது ஓடும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் எழுதுவேன்.

மூன்றே மாதம் மூத்தவளை அக்கா அக்கா என்று கூப்பிட்டே அக்கா ஆக்கிவிட்டுப் போனாயே,
அந்த அக்கா,
ரங்கநாயகி