மேற்கு ஜன்னலில் அளவுக்கு மீறிய வெளிச்சம்

அனுப்புநர்
தையல்காரர்,
ஆற்றோரத் தெரு, கடைசிக்கு முந்தைய வீடு
(கடைசி வீடு தற்போது இல்லை).

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: என் வீட்டு மேற்கு ஜன்னல் வழியாக அளவுக்கு மீறி வெளிச்சமும் காற்றும் வருதல் – பக்கத்து மனையில் ஜன்னல் வைத்த வீடு எழ அனுமதித்து நிவர்த்தி செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: வெள்ளத்தில் இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டுவதற்கான தங்கள் அலுவலகச் சலுகை அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பொருளைப் படித்ததும், வெள்ளத்தில் இந்த ஆளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று தாங்கள் நினைக்கக்கூடும். என் மனைவியும் அப்படித்தான் நினைக்கிறாள். இருந்தாலும் முழுவதையும் படித்துவிட்டு முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. எங்கள் தெருவின் கடைசி வீட்டில் மிக்ஸி, மின்விசிறி பழுது பார்ப்பவர் ஒருவர் குடியிருந்தார். எதற்கெடுத்தாலும் வாதம் செய்வார் என்பதால் தெருவில் அவருக்கு 'வக்கீல்' என்று பெயர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் வேலை செய்யும் மேசையும் என் தையல் மெஷினும் எதிரெதிர் ஜன்னல்களில் இருந்தன. இடையில் இரண்டடி சந்து. கத்தரிக்கோல் வேண்டும் என்றால் அவர் கையை நீட்டுவார், நான் கொடுப்பேன். திருப்பித் தர மாட்டார், நானே கேட்டு வாங்க வேண்டும்.

2. வெள்ளத்தில் என் வீடு தப்பியது. அவருடைய வீடு அடித்தளத்தைத் தவிர மிச்சமின்றிப் போய்விட்டது. அவரும் அண்ணியும் இப்போது மகள் வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள்.

3. இந்த நிலையில் தங்கள் அலுவலகம் வெளியிட்ட சலுகை பெரிய காரியம் என்பதை மனதாரச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். பழைய அடித்தளத்தின் மீதே கட்டினால் பக்கவாட்டில் இடம் விட வேண்டாம், வரைபட அனுமதிக்கு அலைய வேண்டாம், விண்ணப்பத்தோடு ஒரு வரைபடம் வைத்தால் போதும் என்றது அறிவிப்பு. அதனால்தான் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு மறுபடி கூரை வந்தது. வக்கீலும் மகளும் விண்ணப்பித்தார்கள். நேரில் வந்து பார்த்த உதவிப் பொறியாளர் நல்ல பிள்ளை, பொறுமையாகப் பேசினார். ஆனால் வரைபடம் திரும்பி வந்தபோது என் வீட்டைப் பார்த்த ஜன்னல்மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டிருந்தது. அடுத்த வீடு ஐந்தடிக்குள் இருந்தால் அந்தப் பக்கச் சுவரில் ஜன்னல் கூடாதாம். அடுத்த வீட்டாரின் வெளிச்சம், காற்று, அந்தரங்கம் ஆகியவற்றைக் காப்பதற்காக வைத்த நிபந்தனை என்று விளக்கினார்.

4. ஐயா, அந்த அடுத்த வீட்டார் நான்தான்.

5. என் வெளிச்சத்தின் நிலவரத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். மேற்கே அவர் வீட்டுச் சுவர் இல்லாததால் மாலை வெயில் நேராக மெஷின்மேல் விழுகிறது. ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி தேவைப்படுவதில்லை. ஆற்றுக் காற்று தாராளமாக வருகிறது. துணி கொடுக்க வருகிறவர்கள், "உங்களுக்கு யோகம்தாங்க, என்ன காத்து, என்ன வெளிச்சம்" என்கிறார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு மெஷினை மிதிக்கிறேன். அந்தரங்கமும் வேண்டிய மட்டும் இருக்கிறது. காலையிலிருந்து இருட்டும்வரை அந்த ஜன்னல் பக்கமிருந்து ஒருவரும் என்னோடு பேசுவதில்லை. எனக்கு இந்த வெளிச்சம் வேண்டாம் ஐயா.

6. போன் இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். பேசாமல் இல்லை. "சாப்டாச்சா?", "ஆச்சு", "அண்ணி நல்லாருக்காங்களா?", "இருக்கா". அதற்குமேல் இருவருக்கும் ஓடுவதில்லை. கை வேலையில் இருக்கும்போது வருகிற பேச்சு வேறு, போனைக் காதில் வைத்துக்கொண்டு தேடிப் பிடிக்கிற பேச்சு வேறு. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்தது வெள்ளமா, விவாகரத்தா?" என்று என் மனைவி கேலி செய்கிறாள். முதலில் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

7. வரைபடத்தில் ஜன்னலை அடித்துவிட்ட செய்தி கேட்டு வக்கீல் சொன்னது இதுதான்: "நாள் முழுக்கச் சுவத்தப் பாத்துட்டு உக்காரவா அங்க வரணும்? அது இங்கயே இருக்கு." சலுகைக் கெடு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. பிறகு சாதாரண விதிப்படி இரண்டு பக்கமும் ஐந்தடி விட வேண்டும். அவர் மனை இருக்கும் அகலத்துக்கு, அதன்பின் அங்கே வீடு கட்ட முடியாது, வேண்டுமானால் ஒரு மாடிப்படி கட்டலாம். இப்போது அவர் வராவிட்டால் இனி எப்போதும் வர முடியாது.

8. ஆகவே எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதி எடுத்துக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கவுன்டரில் இருந்த அம்மா நிதானமாகப் படித்துவிட்டு, "ஆட்சேபணை இருந்தா குடுங்க, பதிவு பண்ணிக்கிறோம். இல்லைங்கறத எதுல சார் பதிவு பண்றது?" என்றார். அவர்மேல் தவறில்லை. சண்டை போட வருகிறவர்களைப் பார்த்தே அவருக்குப் பழக்கம். புகாரைத்தான் வாங்குவார்கள் என்பதால் இதைப் புகாராகவே எழுதியுள்ளேன். வெளிச்சம் அதிகம் என்பதே என் புகார்.

9. ஆதலால் என்னைக் காப்பதற்காக வைத்த அந்த நிபந்தனையை, என் சம்மதத்தின்பேரில், அந்த ஒரு சுவருக்கு மட்டும் தளர்த்தி, சிவப்புக் குறியை நீக்கி, கெடுவுக்குள் ஆணை பிறப்பிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நாளை இந்த ஜன்னலைப் பற்றி நானே புகார் கொடுத்தால் அதைக் குப்பையில் போடவும் இப்போதே சம்மதிக்கிறேன்.

10. கடைசியாக ஒன்று. இது அலுவல் சம்பந்தப்பட்டதல்ல, மன்னிக்கவும். தண்ணீர் தெருவுக்குள் வந்த அன்று நாங்கள் ஒரு வாதத்தின் நடுவில் இருந்தோம். சட்டைப் பை ஏன் இடப்பக்கமே இருக்க வேண்டும், இடதுகைக்காரன் என்ன பாவம் செய்தான் என்று அவர் கேட்டார். பதில் சொல்வதற்குள் ஓட வேண்டியதாகிவிட்டது. இப்போது என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. மெஷினை மிதிக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துகிறேன், பழக்கதோஷம். எதிரிலிருந்து "அப்படி இல்லப்பா" என்று ஒரு குரல் வர வேண்டும். காற்றுதான் வருகிறது.

ஆணையை எதிர்பார்த்து,
தங்கள் நகராட்சிக்கு உட்பட்ட
தையல்காரர்
(கையொப்பம்)

இடம்: ஆற்றோரத் தெரு
நாள்: இம்மாதம் இருபதாம் தேதி

இணைப்பு: கவுன்டரில் வாங்க மறுத்த சம்மதக் கடிதம் – ஒன்று.